வோஷிங் மெஷின் பைப் ஒழுகினால்: வோஷரா, திருத்தமா, புதுப் பைப்பா, ஆளைக் கூப்பிடுவதா?

வோஷிங் மெஷினுக்குத் தண்ணீர் போகிற பைப், அதாவது சுவரில் நிற்கிற, திறந்து மூடுகிற குழாய், ஒழுகத் தொடங்கினால் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வோஷரை மாத்தினாக் காணுமோ, இல்லாட்டி பைப்பையே மாத்த வேணுமோ?" அதன் பின்னால் இன்னொன்று வரும்: "நாங்களே செய்யலாமோ, ஆளைக் கூப்பிடுறதோ?" கடையில் நின்று விலையைப் பார்த்து இதை முடிவெடுக்கிறவர்கள் அதிகம். விலை கடைசியில் பார்க்க வேண்டியது. எந்த இடத்தில் ஒழுகுகிறது, அந்தப் பைப்பைப் பிடித்து நிற்கிற சுவருக்குள் என்ன கிடக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாகவே வந்துவிடும்.

யாழ்ப்பாணத்து வீடுகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கிணற்றுத் தண்ணீரை மோட்டர் போட்டுத் தாங்கியில் ஏற்றி, அங்கிருந்து இறக்கி எடுக்கிற வீடுகள். மெஷின் பின் விறாந்தையிலோ குளியலறைக்கு வெளியிலோ நிற்கும். வேறு ஊர்களுக்குச் சரியாக இருக்கிற ஆலோசனை இங்கே சில இடங்களில் பொருந்தாது. அதற்குக் காரணம் எங்கள் தண்ணீரும், தாங்கியின் உயரமும்.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

ஒழுகும் இடம். முதலில் மெஷினின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பைப், ஹோஸ், சுவர் எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பைப்பை முழுதாகத் திறந்து விடுங்கள். மெஷின் ஓடாமல் பைப் மட்டும் திறந்திருக்கும்போதுதான் ஹோஸுக்குள் தண்ணீர் நிரம்பி நின்று, எல்லா மூட்டுகளிலும் முழு அமுக்கம் இருக்கும். இனி ரிஷூப் பேப்பரை மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றிப் பாருங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். கைப்பிடிக்குக் கீழே கசிகிற தண்ணீர் பைப்பின் உடம்பைச் சுற்றி இறங்கி, ஹோஸ் நட்டின் அடி விளிம்பில் வந்து சொட்டும். பார்க்கிறவர் நட்டுத்தான் ஒழுகுகிறது என்று நினைத்து அதை இறுக்குவார், இறுக்குவார், கடைசியில் பிளாஸ்ரிக் நட்டு வெடிக்கும். முதல் நனைகிற பேப்பர் எந்த இடத்துடையது என்பதே கணக்கு.

ஒழுகக்கூடிய இடங்கள் நான்குதான்: ஹோஸ் பைப்போடு சேரும் நட்டு, கைப்பிடியின் தண்டு, பைப்பின் வாய், பைப் சுவரோடு சேரும் மரை.

இதில் வாய் ஒழுகுவதுதான் கண்ணுக்குப் படாமல் இருக்கும். பைப்பை மூடினாலும் உள்ளே தண்ணீர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் பூட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் ஹோஸுக்குள் போய் நிற்கும். மெஷினுக்குள் இருக்கிற வால்வு அதை மறித்துக்கொள்ளும். வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் ஹோஸ் இரவும் பகலும் அமுக்கத்தில் இருக்கும், நட்டின் வோஷரும் அப்படியே. அதனால் ஒருமுறை பைப்பை மூடி, ஹோஸைக் கழற்றி, வாய்க்குக் கீழே ஒரு கோப்பையை வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். கோப்பை காய்ந்திருந்தால் வாய் நல்லது.

சுவருக்குள் இருப்பது. பைப் சுவருக்குள் எதில் பூட்டப்பட்டிருக்கிறது? முழுப் பிளாஸ்ரிக் மரையுள்ள எல்போவா (லைன் வளைந்து வெளியே வருகிற முழங்கை இணைப்பு), உள்ளே பித்தளை மரை வைத்த எல்போவா, பழைய இரும்பு லைனா? கட்டியவரிடமோ, வீட்டில் பெரியவர்களிடமோ கேட்டால் தெரியும். கேட்க ஆள் இல்லையென்றால் மோசமானதை நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. பைப்பைக் கழற்றும்போது உடைவது பைப் இல்லை, பெரும்பாலும் இந்த எல்போதான். அது உடைந்தால் ரைல்ஸையும் சீமெந்தையும் உடைக்காமல் வேலை முடியாது.

தண்ணீர். குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அதற்குள் தேங்குகிற தண்ணீரைத்தான் கிணற்றில் இறைக்கிறோம், அதனால் வன்னீர், அதாவது சுண்ணாம்பு கரைந்திருக்கிற தண்ணீர். கொதிக்கவைக்கிற கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு, ஒழுகுகிற பைப்பின் மரையிலும் தண்டிலும் ஏறும். இன்னொரு பக்கம், நன்னீர் மேலே, உவர்நீர் கீழே என்று இருப்பதுதான் குடாநாட்டு நிலத்தடி நீர். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. ஆடி ஆவணி வெயிலில் மழையில்லாமல் இறைத்துக்கொண்டே இருந்தால் உப்பு மேலே வரும். தீவுப் பகுதிகளிலும் கரையோரங்களிலும் வருடம் முழுக்க அதே கதைதான். வன்னீர் பைப்பை இறுகப் பண்ணும், உவர்நீர் உலோகத்தைத் தின்னும். வோஷிங் மெஷின் பைப்புக்கு இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் தொடங்கிய பிறகு லைன் தண்ணீர் வருகிற இடங்கள் கூடியிருக்கின்றன. ஆனாலும் உடுப்புத் தோய்க்கிறது இன்னும் பல வீடுகளில் கிணற்றுத் தண்ணீரில்தான்.

அமுக்கம். தண்ணீர் 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் கிட்டத்தட்ட 1 பார் அமுக்கம். தாங்கி 15 அடி உயரத்தில், பைப் 3 அடி உயரத்தில் என்றால் நடுவில் 12 அடி, அதாவது மூன்றரை மீற்றர் சொச்சம். அமுக்கம் 0.36 பார் அளவில்தான். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்று இருக்கும். ஆக நாங்கள் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறோம். உள்ளே துவாரம் சிறியதான பைப்பைப் பூட்டினால் ஒழுக்கு நிற்கும், ஆனால் மெஷின் தண்ணீர் எடுக்க நேரம் பிடித்து, நடுவில் நின்று பிழை காட்டும். இந்தக் குறைந்த அமுக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு: நல்ல வோஷர் இருந்தால் கையால் இறுக்கினாலே ஒழுக்கு நின்றுவிடும்.

விட்டுவிட்டால் என்ன நட்டம். நொடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று போட்டால் நாளுக்கு 4 லீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஒரு வாளிகூட இல்லை. தண்ணீர் நட்டம் என்று பார்த்தால் பெரிதில்லை, மோட்டர் கரண்டும் பெரிதில்லை. உண்மையான நட்டம் மெஷினின் அடித்தகட்டில் ஏறுகிற துரு, சுவரில் ஏறுகிற ஈரம், அருகில் பிளக் இருந்தால் அதற்குள் போகக்கூடிய தண்ணீர். ஒழுக்கு பிளக்குக்கு மேலே அல்லது நேர் பக்கத்தில் என்றால் மற்ற எல்லாக் கணக்கையும் விடுங்கள். அன்றைக்கே மெஷினுக்குப் போகிற தண்ணீரை நிற்பாட்ட வேண்டும்.

## வழி 1: ஹோஸ் வோஷரை மட்டும் மாற்றுவது

ஒழுகுவது ஹோஸ் நட்டில் என்றால் முதலில் செய்யவேண்டியது இதுதான். பைப்பை மூடுங்கள், நட்டைக் கையால் கழற்றுங்கள், உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை நகத்தால் கிளப்பி எடுங்கள். அதை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வோஷர் இரண்டு விரலுக்கு நடுவே மடங்கும், விட்டால் நிமிரும். பழசு மடங்காது. ஒரு பக்கத்தில் பைப்பின் விளிம்பு பதிந்த வட்டப் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தில் ஒரு இடத்தில் வெள்ளைப் பொடி கட்டியிருக்கும். தண்ணீர் வந்த வழி அதுதான்.

புது வோஷர் வாங்கப் போகும்போது பழசைக் கையில் கொண்டு போங்கள். முக்கால் அங்குல ஹோஸ் வோஷர் என்று கேட்டாலும் தடிப்பு வித்தியாசப்படும். மெல்லியதைப் போட்டால் நட்டு மரையின் அடிவரைக்கும் போய் நின்றுவிடும், வோஷர் அமுங்காது. பூட்டுவதற்கு முன் பைப்பின் வாய் விளிம்பில் ஏறியிருக்கிற படிவைச் சுரண்டாமல் கரைக்க வேண்டும். வினாகிரியில் தோய்த்த துணியைச் சுற்றி ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும். கத்தியால் சுரண்டினால் விளிம்பில் கோடு விழும், அந்தக் கோடு வழியே திரும்ப ஒழுகும்.

அப்புறம் ஒரு விஷயம். ஹோஸ் நட்டின் மரையில் வெள்ளை ரேப் (மரைக்குச் சுற்றுகிற மெல்லிய நாடா) சுற்றுகிற பழக்கம் எங்கள் ஊரில் நிறைய. அதனால் பயன் இல்லை. அந்த மூட்டில் தண்ணீரை மறிப்பது வோஷர், மரை வெறும் பிடிமானம். ரேப் சுற்றினால் நட்டு இறுகியதுபோல ஒரு உணர்வு வரும், வோஷர் முழுதாக அமுங்கியிராது.

நான்கு திருகாணியால் பைப்பின் வாயைக் கவ்விப் பிடிக்கிற இணைப்பு உங்கள் வீட்டில் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். சாதாரணக் குளியலறைப் பைப்பில் மெஷினைப் பூட்டப் பலர் இதைத்தான் பாவிக்கிறார்கள். உள்ளே ஒரு கூம்பு ரப்பர் இருக்கும். திருகாணிகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கினால், பைப்பின் வாயும் வட்டமாக, வழுவழுப்பாக இருந்தால், கொஞ்சக் காலம் நிற்கும். ஆனால் மெஷின் அதிருகிற நேரம் ஹோஸ் ஆடும், திருகாணி தளரும். ஒருநாள் முழுதாகவே கழன்று விழலாம், அப்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் தாங்கி காலியாகும்வரை தண்ணீர் ஓடும். இந்த இணைப்பைத் தற்காலிகம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அது ஒழுகினால் ரப்பரை மாற்றுவதைவிட, வாயில் முக்கால் அங்குல மரையுள்ள பைப்புக்கு மாறுவது நல்லது.

மறைந்த செலவு என்று பார்த்தால் இந்த வழியில் அனேகமாக எதுவும் இல்லை. பிழை நடந்தாலும் ஒரு வோஷர்தான் போகும். சுவரைத் தொடுவதில்லை. அதனால்தான் எந்தச் சந்தேகத்திலும் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

## வழி 2: பைப்பைக் கழற்றாமல் உள்ளே திருத்துவது

கைப்பிடித் தண்டில் கசிந்தாலோ, மூடியும் வாய் சொட்டினாலோ இந்த வழி. ஆனால் பைப் எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

பலமுறை சுற்றித் திறக்கிற பழைய திருகு பைப் என்றால் திருத்தலாம். தண்டில் கசிவுக்கு, கைப்பிடிக்குக் கீழே இருக்கிற சிறிய நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கிப் பாருங்கள், பல நேரம் ஒழுக்கு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்த நட்டைக் கழற்றி, உள்ளே பழைய நூல் அல்லது வளையத்தை எடுத்துவிட்டு, வெள்ளை ரேப்பை நூலாக முறுக்கித் தண்டைச் சுற்றி நிரப்பலாம். வாய் சொட்டினால் மேல்பாகத்தையே கழற்றி அடியில் இருக்கிற ரப்பர் வோஷரை மாற்ற வேண்டும். இந்த வேலைக்குத் தாங்கியிலிருந்து வருகிற லைனை மூடியாக வேண்டும்.

கால் சுற்றில் திறக்கிற கைப்பிடிப் பைப் என்றால் நிலைமை வேறு. உள்ளே உருண்டை வைத்த பைப்பைத் திருத்த நினைப்பது வீண். அதற்கு உதிரிப்பாகம் பெரும்பாலும் கடையில் வராது. பீங்கான் தட்டு வைத்ததில் உள்பாகத்தை மாற்றலாம், ஆனால் அதே அளவு உள்பாகம் கிடைத்தால்தான். உங்கள் பைப் எந்தக் கம்பனியுடையது என்று தெரியாவிட்டால், அந்தத் தேடலுக்குள் போக வேண்டாம் என்பேன்.

இந்த வழியின் மறைந்த செலவு பலர் கவனிக்காதது. வன்னீரில் பல வருடம் நின்ற பைப்பின் மேல்பாகம் படிவால் ஒட்டிப்போயிருக்கும். அதை ஸ்பனரால் திருப்பும்போது மேல்பாகம் அசையாது, முழுப் பைப்பும் சுவரோடு சேர்ந்து திரும்பும். அந்தச் சின்னத் திரும்பலிலேயே சுவர் மரையில் இருந்த ரேப் கிழிந்து, இதுவரை ஒழுகாத இடம் ஒழுகத் தொடங்கும். அதனால் எப்போதும் இரண்டு ஸ்பனர்: ஒன்றால் பைப்பின் உடம்பை அசையாமல் பிடிக்க வேண்டும், மற்றதால் மேல்பாகத்தைத் திருப்ப வேண்டும். வினாகிரித் துணியை முதல்நாள் இரவே சுற்றி விட்டால் பாதி வேலை முடிந்தது. கனக்கப் பலம் போட்டும் அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

சுவருக்குள் பிளாஸ்ரிக் எல்போ இருக்கிறது, பைப் நல்ல பாரமான பித்தளை, ஒழுக்கு தண்டில் மட்டும் என்றால், இந்த வழிதான் எல்லாவற்றிலும் சிறந்தது. சுவர் மூட்டைத் தொடாமல் காரியம் முடியும்.

## வழி 3: பைப்பையே மாற்றுவது

பலரும் நேரே இங்குதான் வருகிறார்கள். சில நேரம் அது சரியான முடிவே. வாய் ஒழுகுகிற கால் சுற்றுப் பைப், உடம்பில் வெடிப்பு, நான்கு திருகாணி இணைப்பு, பச்சையும் வெள்ளையுமாக மரை அரித்த பைப், இவற்றுக்குத் திருத்தம் கிடையாது.

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

பிளாஸ்ரிக் பைப்பை உப்பு தொடாது. தீவுப் பகுதியில் அது பெரிய குணம். விலையும் குறைவு. ஆனால் வெயில் படுகிற இடத்தில் நாளாக ஆக நொறுங்கும் தன்மைக்கு வரும். மெஷின் விறாந்தைக்கு வெளியில் நின்றால் கவனம். இதன் மரையைக் கையால் இறுக்கி, ஸ்பனரால் அதற்கு மேல் கொஞ்சம்தான் போகலாம். பிளாஸ்ரிக் எல்போவுக்குள் பிளாஸ்ரிக் பைப் நன்றாகச் சேரும், இரண்டுமே ஒன்றையொன்று உடைக்காது. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம்.

பித்தளைப் பைப் பலம், மரை கூர்மை, கைப்பிடி உறுதி. வலிகாமத்து வன்னீருக்கு நல்லது. உவர்நீர் அதிகமான இடத்தில் மலிவான பித்தளை ஏமாற்றும். பித்தளையில் செம்போடு கலந்திருக்கிற துத்தநாகத்தை உப்பு மெல்ல அரித்தெடுக்கும். மிஞ்சுவது செந்நிறமான, நுண்துளை நிறைந்த, தட்டினால் உடைகிற உலோகம். பழைய பைப்பைக் கழற்றியபோது மரை இளஞ்சிவப்பாக இருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் அதைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் திரும்பவும் மலிவான பித்தளை வாங்க வேண்டாம்.

மூன்றாவது பளபளக்கும் குரோம் பூச்சுப் பைப். இதில்தான் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் பூச்சுக்குக் கீழே என்ன உலோகம் என்று வெளியிலிருந்து தெரியாது. சுவருக்குள் போகிற மரைப் பக்கத்தைத் திருப்பி, துவாரத்துக்குள்ளே பாருங்கள். பூச்சு ஏறாத இடம் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாகக் கலவை, உவர்நீரில் அது கன காலம் நிற்காது. கையில் தூக்கிப் பார்த்தால் பித்தளை அதே பருமனில் கூடப் பாரமாக இருக்கும். சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி என்று எந்தச் சந்தியில் இருக்கிற ஹாட்வெயார் கடையானாலும் இதைப் பார்க்க யாரும் மறுக்கமாட்டார்கள்.

அதே நேரத்தில் துவாரத்தின் அகலத்தையும் பாருங்கள். கைப்பிடியைத் திறந்து வைத்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தால் மறுபக்க வெளிச்சம் எவ்வளவு தெரிகிறது என்று தெரியும். உருண்டை வைத்த கால் சுற்றுப் பைப்பில் துவாரம் பெரும்பாலும் அகலம், தாங்கித் தண்ணீருக்கு அது பொருத்தம். நேர் வழியில்லாத பைப்புகளில் வெளிச்சம் தெரியாது, தாங்கி உயரமாக இருந்தால் பரவாயில்லை.

அளவில் குழம்பாதீர்கள். சுவருக்குள் போகிற பக்கம் பெரும்பாலும் அரை அங்குல மரை, ஹோஸ் பூட்டுகிற வாய் முக்கால் அங்குல மரை. ஆனால் இவை பெயரளவு. ஸ்கேலை வைத்து அளந்தால் அரை அங்குல மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீற்றர், முக்கால் அங்குலம் கிட்டத்தட்ட 26 மில்லிமீற்றர் வரும். 21 மில்லிமீற்றரைப் பார்த்துவிட்டு முக்கால் அங்குலம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பழைய பைப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஹோஸைக் கழற்றி வாய் மரையை அளந்துவிடுங்கள்.

பூட்டுகிற முறையில் இரண்டு விஷயம். வெள்ளை ரேப் சுற்ற வேண்டியது இந்தச் சுவர் மரையில்தான். மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, மணிக்கூட்டுக் கம்பி சுற்றுகிற பக்கமாகச் சுற்றினால் பூட்டும்போது ரேப் பிரியாது. மற்றது, இறுக்கிக்கொண்டு வரும்போது பைப்பின் வாய் கீழ் நோக்கி வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பி நேராக்கக்கூடாது. பின்னுக்குத் திருப்பிய மூட்டு ஒழுகும். கழற்றி, ரேப்பை எடுத்து, இன்னும் ஒன்றிரண்டு சுற்றுக் கூடச் சுற்றி மறுபடி தொடங்க வேண்டும். அதிகமான ரேப்பும் ஆபத்து: பிளாஸ்ரிக் எல்போவுக்குள் தடிப்பான ரேப்போடு பித்தளை மரையைத் திருகினால், எல்போ ஆப்பு அடித்த மரம்போல நீளவாக்கில் பிளக்கும்.

மறைந்த செலவு இதுதான், சுவர். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பைப் மாற்ற வந்தவர் தொடங்குவதற்கு முன் அன்ரியிடம் கேட்டார்: "அம்மா, இது பழைய எல்போ. கழட்டேக்க உடைஞ்சால் ரெண்டு ரைல்ஸ் உடைக்க வேண்டி வரும். அதே கலர் ரைல்ஸ் மிச்சம் கிடக்கோ?" நல்ல வேலைக்காரர் கேட்கிற கேள்வி அது. வீடு கட்டியபோது மிஞ்சிய ரைல்ஸ் இல்லையென்றால், அதே நிறம் திரும்பக் கிடைக்காது. பைப்பின் விலையை மட்டும் பார்த்து இந்த வழிக்கு வருகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

## வழி 4: ஆளைக் கூப்பிடுவது

சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகுகிறது, பைப்பின் பின்தட்டுக்குக் கீழே ரைல்ஸில் வெள்ளைக் கோடு இறங்கியிருக்கிறது, சுவரில் ஈரத்தின் வட்டம் தெரிகிறது என்றால், யோசிக்காமல் பைப் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பழைய இரும்பு லைன் என்றாலும் அப்படியே. துருப்பிடித்த இரும்பு மரை சுவருக்குள் முறிந்தால் அதை எடுக்க வேறு கருவி வேண்டும்.

மறைந்த செலவு கூலி இல்லை, நேரம். ஒரு பைப்புக்காக வருவதற்கு நல்ல வேலைக்காரருக்கு நேரம் கிடைப்பது கஷ்டம், அவர் எங்கேயோ புதுவீட்டில் நிற்பார். அதனால் வீட்டில் கிடக்கிற மற்றச் சின்ன வேலைகளையும் சேர்த்து வையுங்கள், குசினிப் பைப், தாங்கியின் மிதவை, எதுவானாலும். ஒரு நாள் வேலையாக இருந்தால் வருவார். பொருளை அவரிடமே விட்டால் கையில் கிடைத்ததை வாங்கி வருவார், மேலே சொன்ன மரைப் பக்கத்தைப் பார்த்து நீங்களே வாங்கி வைத்திருங்கள்.

வந்தவரிடம் இன்னொரு வேலையும் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்: மெஷினுக்குப் போகிற லைனுக்குத் தனியாக ஒரு வால்வு. பல வீடுகளில் ஒரு பைப்பைக் கழற்ற முழு வீட்டுத் தண்ணீரையும் நிற்பாட்ட வேண்டியிருக்கிறது. தாங்கியடி வால்வோ பல வருடம் தொடாமல் கிடந்து இறுகியிருக்கும். தனி வால்வு இருந்தால் அடுத்த முறை வழி 1, வழி 2 இரண்டையும் வீட்டில் யாரும் செய்யலாம். சுவரை உடைக்க நேர்ந்தால், உள்ளே பித்தளை மரை வைத்த எல்போவைப் போடச் சொல்லுங்கள். விலையில் சின்ன வித்தியாசம், அடுத்த பைப் மாற்றம் கழற்றிப் பூட்டுகிற வேலையாக முடியும்.

## ஒரே பார்வையில்

| | எப்போது சரி | சுவருக்கு ஆபத்து | மறைந்த செலவு |
|---|---|---|---|
| ஹோஸ் வோஷர் | நட்டில் ஒழுக்கு | இல்லை | அளவு பிழைத்தால் இன்னொரு வோஷர் |
| உள்ளே திருத்தம் | திருகு பைப்பில் தண்டு அல்லது வாய் | ஒற்றை ஸ்பனரால் செய்தால் உண்டு | உதிரிப்பாகம் தேடி அலைச்சல் |
| புதுப் பைப் | வாய் போன கால் சுற்றுப் பைப், அரித்த மரை, நான்கு திருகாணி இணைப்பு | அதிகம் | எல்போவும் ரைல்ஸும் |
| ஆளைக் கூப்பிடுவது | சுவர் மூட்டு, இரும்பு லைன், வால்வு இல்லாத லைன் | அவர் பொறுப்பு | காத்திருப்பு |

ஒழுகுகிற மூட்டின் மேல் பசையைப் பூசுவதை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. ஈரத்தில் அது பிடிக்காது, பிடித்தாலும் அடுத்தவர் அந்த மூட்டைக் கழற்ற முடியாமல் போகும். சுண்ணாம்பு ஏறித் தானே அடைபடும் என்று காத்திருப்பதும் அப்படித்தான். மிகச் சின்னக் கசிவு அப்படி அடைபடுவது உண்மை, கைப்பிடியை அடுத்தமுறை திருப்பும்போது அந்தப் படிவு உடைந்து திரும்பத் தொடங்கும்.

## உங்கள் வீடு எப்படிப்பட்டது?

வாடகை வீடு என்றால் வழி 1, 2 வரைக்கும் நீங்களே செய்யலாம். சுவர் மூட்டைத் தொடுகிற எதையும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ரைல்ஸ் உடைந்த பிறகு பேசுவது கஷ்டம்.

வயதான அம்மா அப்பா தனியே இருக்கிற வீடு என்றால் நல்ல திருகு பைப்பாக இருந்தாலும் ஒழுகுகிற சாட்டில் கால் சுற்றுக் கைப்பிடிப் பைப்புக்கு மாற்றிவிடுங்கள். தோய்த்து முடிந்ததும் பைப்பை மூடவேண்டும் என்று நாங்கள் சொல்வோம். மூட்டு வலியுள்ள கையால் திருகு பைப்பை ஒவ்வொரு நாளும் சுற்றி மூடுவது அவர்களால் முடியாது, திறந்தபடியே விடுவார்கள். நீளக் கைப்பிடி என்றால் ஒரு விரலால் தட்டினாலே மூடும்.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஹோஸைப் பைப்பிலிருந்து கழற்றியே வைக்க வேண்டும், தாங்கியடி வால்வையும் மூட வேண்டும். திரும்ப வந்து பூட்டும்போது பழைய வோஷரைப் போடாதீர்கள், காய்ந்து இறுகியிருக்கும். கால் சுற்றுப் பைப்பைப் போகிற வருகிற நேரமெல்லாம் ஒருமுறை திறந்து மூடி விடுங்கள், அப்போதுதான் உருண்டை படிவில் ஒட்டாது.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்ததும் மூட்டைத் துடைத்து, உலர்ந்த ரிஷூப் பேப்பரை இறுகச் சுற்றி, பைப்பைத் திறந்தபடி ஒரு மணித்தியாலம் விடுங்கள். அப்புறம் ஒரு முழுத் தோய்ப்பு ஓடவிட்டு மறுபடி பாருங்கள். மெஷின் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தும்போது லைனில் ஒரு இடி விழும், பிரஷர் பம்ப் பூட்டிய வீடுகளில் அது பலமாகவே இருக்கும். நிற்கும்போது ஒழுகாத மூட்டு அந்த இடியில் ஒழுகலாம். பேப்பர் அதற்குப் பிறகும் காய்ந்திருந்தால்தான் மெஷினைச் சுவரோடு தள்ளி வையுங்கள்.